ஃப்ரிட்ஜ் கதவருகே நின்ற செவிலியர்: பெங்களூரில் ஒரு பிரசவ அவசரநிலைப் பயிற்சியும் வழிநடத்துநரின் பங்கும்

நிஜ நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையையோ நடிப்பவரையோ வைத்து நடத்தும் சிமுலேஷன் பயிற்சி என்றதும் மருத்துவமனை நிர்வாகங்கள் பலவற்றுக்கு முதலில் நினைவுக்கு வருவது கருவிதான். மூச்சு விடும் பொம்மை, நாடி துடிக்கும் பொம்மை, கண் சிமிட்டும் பொம்மை என்று விலைப்பட்டியலை விரித்துவைத்து விவாதிக்கிறார்கள். 2019-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறி, கல்லூரிகளுக்குத் திறன் ஆய்வகம் கட்டாயமானதும் அந்த விவாதத்துக்கு ஒரு நிர்வாகக் காரணமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்தப் பொம்மையைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே வெளியே கொண்டுவரும் மனிதரைப் பற்றி அதே அளவு அக்கறையுடன் யாரும் பேசுவதில்லை. அந்த வழிநடத்துநரின் வேலையை, ஒரே ஒரு பயிற்சி அமர்வை நெருங்கிப் பார்ப்பதன் மூலம் விளக்க முயல்கிறது இந்த ஆய்வு.

பின்னணி

அமர்வு நடந்தது பெங்களூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில். பங்கேற்றவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். இந்நகரத்துப் பிரசவ அறைகளின் மொழிச் சூழலைத் தெரிந்துகொள்ளாமல் நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. கர்ப்பிணிகள் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று பல மொழிகளில் பேசுகிறார்கள். ஒசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் பக்கங்களிலிருந்து வருபவர்களும், அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்பவர்களும் வலி கூடக்கூடத் தமிழிலேயே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். செவிலியர்களில் மலையாளிகளும் கன்னடர்களும் தமிழர்களும் இருக்கிறார்கள். முதுநிலை மாணவர்களோ அகில இந்தியத் தேர்வெழுதி நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது ஆங்கிலம். நோயாளி சொன்ன ஒரு வாக்கியம் இத்தனையையும் கடந்து, மருந்தைத் தீர்மானிப்பவரின் காதுக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வியை மையமாக வைத்தே இப்பயிற்சியின் காட்சியை அமைத்திருந்தார்கள்.

பங்கேற்றவர்கள் நால்வர்: மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், பயிற்சி மருத்துவர் ஒருவர், ஸ்டாஃப் நர்ஸ்கள் இருவர். முதுநிலை மாணவி வட இந்தியர். கன்னடம் ஓரளவு பழகியிருந்தார், தமிழ் தெரியாது. நர்ஸ்களில் ஒருவர் கிருஷ்ணகிரிக்காரர், மற்றவர் மலையாளி. முதன்மை வழிநடத்துநர் தமிழ் பேசும் மயக்கவியல் மருத்துவர். துணை வழிநடத்துநர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூத்த செவிலிய ஆசிரியை. வயிற்றில் கட்டிக்கொள்ளும் பிரசவப் பயிற்சிக் கருவியை அணிந்து நோயாளியாக நடித்தவர் இன்னொரு செவிலிய ஆசிரியை, அவர் தமிழர். இந்தக் கருவியை அணிபவரே செயற்கை ரத்தம் கசியும் அளவையும் கருப்பை தளர்வதையும் இறுகுவதையும் கட்டுப்படுத்துவார். விலையுயர்ந்த கணினிப் பொம்மையைவிட இது எளிமையானது. ஆனால் வலியில் முனகிக்கொண்டே தன் குறையைச் சொல்லும் ஒரு பெண்ணாக அது இருப்பதால், இந்தக் காட்சிக்கு அதுவே பொருத்தமானது. நான் கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்தேன்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே வழிநடத்துநர் எடுத்த ஒரு முடிவைக் குறிப்பிட வேண்டும். முதுநிலை மாணவியின் துறைப் பேராசிரியர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்க விரும்பினார்; அவர் அந்த மாணவிக்குத் தேர்வாளரும்கூட. வழிநடத்துநர் மரியாதையாக, ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு மதிப்பெண் போடப்போகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்தால், தெரியாததைத் தெரியாது என்று எந்த மாணவர் சொல்வார்? பயிற்சியின் பயன் அங்கேயே முடிந்துவிடும். மூத்தவர் ஒருவரிடம் இப்படி மறுப்பது நம் கல்லூரிச் சூழலில் எளிதல்ல. வழிநடத்துநரின் தகுதிகளில் இந்தத் துணிவையும் சேர்க்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

முன்விளக்கம்

காட்சிக்கு முன் கால்மணி நேரம் முன்விளக்கம் நடந்தது. பதிவாகும் வீடியோ அன்றைய கலந்துரையாடலுக்கு மட்டுமே பயன்படும், பிறகு அழிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. இங்கு வந்திருப்பவர்கள் எல்லோரும் அறிவும் திறமையும் உள்ளவர்கள், தம்மால் முடிந்ததைச் செய்ய விரும்புகிறவர்கள், இன்னும் மேம்பட நினைப்பவர்கள் என்பதே இந்த அறையின் அடிப்படை நம்பிக்கை என்றும் அவர் சொன்னார். பாஸ்டன் நகரின் மருத்துவ சிமுலேஷன் மையம் பரவலாக்கிய இந்தக் கூற்றைப் பல பயிற்சிக்கூடங்களில் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பங்கேற்பவர்கள் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

அடுத்து அவர் செய்தது சிறிய விஷயமாகத் தெரிந்தாலும் பின்னால் பெரிதாக உதவியது. நால்வரையும் எழுந்து வரச் சொல்லி, மருந்து ஃப்ரிட்ஜைத் திறக்கவைத்து, கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துகளான ஆக்ஸிடோசினும் கார்போப்ரோஸ்ட்டும் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒவ்வொருவரையும் கையில் எடுத்துப் பார்க்கவைத்தார். ஊசியை எங்கே போட வேண்டும், ரத்தம் அளக்கும் விரிப்பில் கோடுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் காட்டினார். கருவி பழக்கமில்லாததால் ஏற்படும் தடுமாற்றத்தை முன்கூட்டியே நீக்கிவிட்டால், பிறகு காணும் தடுமாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று நம்பிக்கையோடு தேடலாம்.

காட்சி

இருபத்தாறு வயதுப் பெண், இரண்டாவது பிரசவம். கிருஷ்ணகிரி நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, “சிஸ்டர், எனக்கு வீசிங் வரும், பஃப் பையில இருக்கு” என்று நோயாளி தமிழில் சொன்னார். நர்ஸ் தலையசைத்தார். முதுநிலை மாணவி அப்போது கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

குழந்தை பிறந்தது, ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடப்பட்டது, நஞ்சுக்கொடி முழுமையாக வந்தது. அதன் பிறகு ரத்தப்போக்கு தொடங்கியது. விரிப்பில் அளவு 500 மில்லியைத் தாண்டியதுமே முதுநிலை மாணவி உதவிக்கு ஆள் கூப்பிட்டார். கருப்பையை மசாஜ் செய்யச் சொன்னார். ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றச் சொன்னார். ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராமைப் பத்து நிமிடங்களில் மெதுவாகச் செலுத்தச் சொன்னார். கிழிசல் எதுவும் இல்லை என்று பார்த்து உறுதிசெய்தார். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடிக்காமல் ஒரே தொகுப்பாகச் செய்தால் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் வெகுவாகக் குறைகின்றன என்பதை 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு காட்டியது. அந்த வகையில் அவருடைய சிகிச்சை குறை சொல்ல முடியாததாக இருந்தது.

கருவியை அணிந்திருந்தவர் திட்டப்படி கருப்பையைத் தளர்வாகவே வைத்திருந்தார். ரத்தம் நிற்கவில்லை. “கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம், ஐ.எம்.” (தசையில் ஊசியாக) என்றார் முதுநிலை மாணவி. கருப்பையைச் சுருங்கவைக்கும் அந்த மருந்து மூச்சுக்குழாய்களையும் சுருங்கவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஆம்பூலைக் கையில் எடுத்தார். பிறகு, கதவு திறந்தபடியே இருக்க, அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். வீடியோவில் அது அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எங்களுக்கு மிக நீண்டதாகத் தெரிந்தது. “சிஸ்டர், கார்போப்ரோஸ்ட்!” என்று மாணவி மறுபடியும் குரல் கொடுத்தார். நர்ஸ் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், “மேடம், கேன் வி கிவ்?” என்று கேட்டார். “யெஸ், யெஸ், ஃபாஸ்ட்” என்று பதில் வந்தது. ஊசி போடப்பட்டது.

கட்டுப்பாட்டு அறையில்

அந்த அரை நிமிடத்தில் வழிநடத்துநருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. காட்சியை நிறுத்திவிட்டுத் திருத்தலாம். அறைத் தொலைபேசியில் மூத்த மருத்துவர்போல் அழைத்து, “பேஷன்ட்டுக்கு வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்டுக் குறிப்புக் கொடுக்கலாம். அல்லது நடப்பதை நடக்கவிடலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். என் பார்வையில் அது சரியான முடிவு. முதல் இரண்டிலும் தவறு தவிர்க்கப்பட்டிருக்கும். ஆனால் தவிர்த்தவர் வழிநடத்துநராக இருந்திருப்பார், அந்த அணியாக அல்ல. ஒரு திறமையைக் கற்கத் தொடங்குபவர்களுக்கு உடனுக்குடன் நிறுத்தித் திருத்தும் முறை நல்லது. ஒன்றுசேர்ந்து வேலை செய்யத் தெரிந்த அணிக்கு, தங்களிடையே உள்ள இடைவெளியைத் தாங்களே பார்க்கும் வாய்ப்பு வேண்டும்.

ஊசிக்குப் பின் நோயாளிக்கு மூச்சிரைப்பு வந்தது. முதுநிலை மாணவி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, “ஆஸ்துமா?” என்று அறையைப் பார்த்துக் கேட்டார். நர்ஸ் உடனே, “யெஸ் மேடம், பஃப் எடுக்கறாங்க” என்றார். ஆக்ஸிஜனும் சால்புடமால் நெபுலைசரும் கொடுத்தார்கள், ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு கருப்பையைச் சுருங்கவைக்கும் இன்னொரு மருந்தான, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய மெத்தில் எர்கோமெட்ரின் போட்டார்கள், கருப்பை இறுகியது. எழுதப்பட்ட திட்டத்தில் இதற்குப் பிறகு இதயத் துடிப்பு நிற்கும் கட்டமும் இருந்தது. வழிநடத்துநர் அதை விட்டுவிட்டார். அணி தன் தவறைக் கண்டுகொண்டு சரிசெய்துவிட்ட பிறகு நோயாளியைச் சாகடிப்பது கற்பித்தல் அல்ல, தண்டனை. கட்டுப்பாட்டுப் பொத்தான் கையில் இருப்பவருக்கு நாடகத்தைக் கூட்டும் ஆசை வரத்தான் செய்யும். அதை அடக்கிக்கொள்ளத் தெரியாதவரிடம் பயிற்சி பெற்றவர்கள் அடுத்த முறை பயிற்சிக்கூடத்துக்கே வர மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பின்கலந்துரையாடல்

கலந்துரையாடல் அடுத்த அறையில் நடந்தது. நுழைந்ததும் மருத்துவர்கள் முன்னால் உட்கார, நர்ஸ்கள் இருவரும் சுவரோரம் இருந்த நாற்காலிகளுக்குப் போனார்கள். துணை வழிநடத்துநர் எதுவும் பேசாமல் அந்த நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுவந்து வட்டத்தில் போட்டார். யாருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் பேசலாம், மற்றவர்களுக்குத் தாங்கள் மொழிபெயர்க்கிறோம் என்றார்.

முதலில் மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். “நிஜமாக இருந்திருந்தால் நான் அவளைக் கொன்றிருப்பேன்” என்றார் முதுநிலை மாணவி ஆங்கிலத்தில். வழிநடத்துநர் “இல்லை, இல்லை, நன்றாகத்தான் செய்தீர்கள்” என்று தேற்றவில்லை. அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவும் இல்லை. “அது எவ்வளவு கனமாக இருக்கும் என்று புரிகிறது. கட்டாயம் அதற்கு வருவோம். மற்றவர்களும் முதலில் சொல்லட்டும்” என்றார். பிறகு நடந்தவற்றைப் பயிற்சி மருத்துவர் வரிசையாகச் சொன்னார்.

“கார்போப்ரோஸ்ட் யாருக்குக் கொடுக்கக் கூடாது?” என்று வழிநடத்துநர் கேட்டதும் நால்வரும் ஒரே நேரத்தில் “ஆஸ்துமா” என்றார்கள். இந்த இடத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குறை மருந்தறிவில் இல்லை என்பது அந்த ஒற்றைப் பதிலில் தெரிந்துவிட்டது. நான் பார்த்த பல அமர்வுகளில் அடுத்த வாக்கியம் “தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள்?” என்பதாக இருக்கும், அதன் பிறகு மருந்தியல் வகுப்பு தொடங்கிவிடும், நர்ஸ்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். இவர் கிருஷ்ணகிரி நர்ஸ் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“சிஸ்டர், மேடம் கார்போப்ரோஸ்ட் கேட்டதும் நீங்க ஃப்ரிட்ஜைத் திறந்து ஆம்பூலைக் கையில எடுத்துட்டீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னீங்க. மருந்து எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், முன்னாடியே பார்த்திருக்கீங்க. அதனால நீங்க வேற எதையோ யோசிச்சீங்கன்னு எனக்குத் தோணுச்சு. அது முக்கியமான யோசனையா இருக்கும்னு நினைக்கிறேன். அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?”

நர்ஸ் பதில் சொல்லவில்லை. வழிநடத்துநரும் கேள்வியை மாற்றிக் கேட்கவில்லை, உதவிக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து நர்ஸே பேசினார்.

“தேடல சார். அந்தம்மா பஃப் எடுக்கறேன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. மேடம் கேஸ் ஷீட் பார்த்தாங்கல்ல, அதுல இருந்திருக்கும், தெரிஞ்சுதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். உயிர் போற நேரத்துல கொடுக்கலாமோ என்னவோன்னும் தோணுச்சு. யாராவது வேண்டாம்னு சொல்லிட மாட்டாங்களான்னு பார்த்துட்டே நின்னேன். அப்புறம் கேட்டேனே சார், கொடுக்கலாமான்னு.”

துணை வழிநடத்துநர் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் முதுநிலை மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேஸ் ஷீட்டில் ஆஸ்துமா பற்றி எதுவுமே இல்லை என்றார். “நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டது. ஆனால் போடட்டுமா என்று நீங்கள் அனுமதி கேட்பதாகத்தான் நினைத்தேன். அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.”

இருவரும் தத்தம் நிலையிலிருந்து நியாயமாகவே நடந்திருக்கிறார்கள். மருத்துவருக்குத் தெரிந்திருக்கும் என்று நர்ஸ் நம்பினார். தெரிந்தவர் சொல்லியிருப்பார் என்று மருத்துவர் நம்பினார். இது வீடியோவில் தெரியாது, எந்தச் சென்சாரிலும் பதிவாகாது. கண்ணால் கண்டதைச் சொல்லி, அதைப் பற்றித் தான் நினைப்பதையும் ஒளிக்காமல் சொல்லி, பிறகு உண்மையிலேயே பதில் தெரியாதவராகக் கேட்டால்தான் வெளியே வரும். சிமுலேஷன் பயிற்சி ஆய்வாளரான ஜென்னி ருடால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 2006-இல் விரிவாக எழுதிய அணுகுமுறை இதுவே. மென்மையாகப் பேசுவதாகப் பாவித்துக்கொண்டு, மனதில் தீர்ப்பை ஒளித்துவைத்துக் கேட்கும் கேள்வியை எதிரில் இருப்பவர் எளிதில் கண்டுகொள்வார் என்பது அவர்கள் சுட்டிக்காட்டிய முக்கியமான விஷயம். “ஏன் தாமதித்தீர்கள்?” என்று கேட்டிருந்தால் அந்த நர்ஸ் “சாரி சார்” என்று சொல்லியிருப்பார். அத்தோடு முடிந்திருக்கும்.

தெரிந்தும் சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு நிஜ உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 2005-இல் எலெய்ன் ப்ரோமிலி என்ற பெண் ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்கு மயக்கம் கொடுக்கப்பட்டபோது மூச்சுப்பாதை அடைபட்டு, பிறகு உயிரிழந்தார். அனுபவமிக்க மருத்துவர்கள் குழாய் செருகும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். அங்கிருந்த செவிலியர்களில் ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவித்தொகுப்பை எடுத்துவந்து வைத்தும் விட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்பது பிந்தைய விசாரணையில் வெளிவந்தது. விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி, விமானத் துறை இதற்கென்றே பயிற்சி கொடுப்பதைச் சுட்டிக்காட்டி, மருத்துவத்திலும் அது வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறார். துணை வழிநடத்துநர் இந்நிகழ்வைச் சுருக்கமாகச் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த மலையாளி நர்ஸ், தன் வார்டில் இதேபோல் தான் வாய் திறக்காமல் இருந்த ஒரு இரவைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்கினார்.

பிறகு அணியே தனக்கான ஒரு வாக்கிய அமைப்பை முடிவு செய்தது: முதலில் நிறுத்தச் சொல்வது, அடுத்து காரணம், அடுத்து மருந்தின் பெயர். கேள்வியாக அல்ல, செய்தியாக. முதுநிலை மாணவி தன் பக்கத்துக்கு ஒன்று சேர்த்தார்: இரண்டாம் கட்ட மருந்தைக் கேட்பதற்கு முன், ஆஸ்துமா உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று அறை முழுவதும் கேட்கும்படி கேட்பது.

இரண்டாவது ஓட்டம்

அதே காட்சியைத் திரும்ப ஓட்டினால் எல்லோருக்கும் விடை தெரியும். ஆகவே இந்த முறை நோயாளி மலையாளி நர்ஸிடம், “பி.பி.க்கு மாத்திரை சாப்பிடறேன் சிஸ்டர்” என்று சொல்லும்படி மாற்றினார்கள். மெத்தில் எர்கோமெட்ரின் கேட்கப்பட்டதும், “டாக்டர், ஸ்டாப். பேஷன்ட்டுக்கு ஹை பி.பி. எர்கோமெட்ரின் வேண்டாம்” என்ற குரல் கட்டுப்பாட்டு அறை ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. “ஓகே, ஹை பி.பி., எர்கோமெட்ரின் இல்லை” என்று மாணவி திருப்பிச் சொன்னார்.

இந்த ஒரு வெற்றியை வைத்து அதிகம் கோரிவிட முடியாது. பகலில், ஒத்துழைக்கும் மனிதர்களிடையே சொன்னதை, நள்ளிரவில் கோபக்காரரான ஒரு மூத்த மருத்துவரிடம் அதே நர்ஸ் சொல்வாரா என்பது வேறு. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை நாள்முழுதும் நடத்துவதைவிட, வார்டிலேயே குறைந்த நேரத்தில் அடிக்கடி நடத்த வேண்டும் என்று வழிநடத்துநர்கள் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டின் பிரசவப் பக்கத்தில் ஆஸ்துமாவுக்கு இடமே இல்லை என்பதும் அன்று தெரியவந்தது. அந்தத் தாள் மருத்துவமனையில் நடைமுறையில் உள்ள படிவத்தின் நகல்தான். முதன்மை வழிநடத்துநர் அதைத் தரக் குழுவுக்கு எழுதி அனுப்பினார். ஃப்ரிட்ஜில் கார்போப்ரோஸ்ட் பெட்டியின் மேல் “ஆஸ்துமா?” என்று சிவப்பில் எழுதிய ஒரு ஸ்டிக்கர் அந்த வாரமே ஒட்டப்பட்டது, படிவத்தைத் திருத்தும் வேலை குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. பயிற்சியில் தெரியவந்த அமைப்புக் குறையைப் பயிற்சிக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வழிநடத்துநரின் பொறுப்பு என்பதை இங்குள்ள பணி விவரங்களில் யாரும் எழுதி வைப்பதில்லை.

வழிநடத்துநர்களை மதிப்பிடுதல்

பங்கேற்பாளர்கள் போன பிறகு வழிநடத்துநர்கள் இருவரும் நானும் உட்கார்ந்தோம். பின்கலந்துரையாடலை ஆறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி அளவில் மதிப்பிடும் டேஷ் என்ற கருவி இருக்கிறது; அதை வைத்துப் பேசினோம். பாதுகாப்பான சூழலை உருவாக்குவதிலும், அணியை ஆழ்ந்து யோசிக்கவைப்பதிலும் முதன்மை வழிநடத்துநர் உயர்ந்த நிலையில் இருந்தார். ஆனால் கடைசிக் கட்டத்தில் அவரே அதிகம் பேசினார். டிரனெக்ஸாமிக் அமிலத்தை எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று, யாரும் தடுமாறாத ஒரு விஷயத்தை நீளமாக விளக்கினார். பயிற்சி மருத்துவரிடம் நடந்ததை விவரிக்கச் சொன்னதைத் தவிர வேறெதுவும் கேட்கப்படவில்லை. அவரும் நோயாளியின் அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கேட்டாரா, புரிந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதுநிலை மாணவியின் முதல் வாக்கியத்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னது பாதியிலேயே நின்றுவிட்டது என்று துணை வழிநடத்துநர் சுட்டிக்காட்டினார். அன்று மாலையே முதன்மை வழிநடத்துநர் அந்த மாணவியைத் தனியாகச் சந்தித்துப் பேசினார்.

அடுத்த அமர்வில் துணை வழிநடத்துநரே முதன்மைப் பொறுப்பை ஏற்பது என்று முடிவாயிற்று. மருத்துவர்களும் செவிலியர்களும் கலந்த அணிக்கு முன்னால் ஒரு செவிலியர் வட்டத்தை நடத்துவது இந்த மருத்துவமனையில் இதுவே முதல்முறை. அவருடைய வார்டுப் பணிப்பட்டியலிலிருந்து அந்த அரை நாளை விடுவித்துத் தருமாறு செவிலியக் கண்காணிப்பாளருக்கு விண்ணப்பம் கொடுக்கப்பட்டிருக்கிறது.